திரும்பத் திரும்பக் காட்டினால் அது வழமையாகிறது: தொலைக்காட்சி பற்றி ஓர் எளிய விளக்கம்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ இன்று ஒரு கலியாண வீட்டுக்குப் போனால், பொன்னுருக்கலுக்கும் தாலிகட்டுக்கும் நடுவே புதிதாகச் சில சடங்குகள் நுழைந்திருப்பதைப் பார்க்கலாம். எல்லாரும் மஞ்சள் உடுப்புப் போட்டு மஞ்சள் பூசி விளையாடும் ‘ஹல்தி’, முழங்கை வரைக்கும் மருதாணி போடும் ‘மெஹந்தி’ இரவு, கலியாணத்துக்கு முன்னரே குளக்கட்டிலும் கடற்கரையிலும் சோடியாக நின்று எடுக்கும் படங்கள். எங்கள் அம்மம்மாமாருக்கு இவற்றின் பெயரே தெரியாது. இப்படிச் செய்யுங்கள் என்று எவரும் வந்து சொல்லவும் இல்லை. பின்னேரத்தில் வீட்டில் ஓடும் நாடகங்களிலும், அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிக் கைபேசிக்கு வரும் காணொளிகளிலும் வருடக்கணக்காகப் பார்த்ததில், கலியாணம் என்றால் இதெல்லாம் இருக்கத்தான் வேண்டும் என்ற நினைப்பு மெல்ல மெல்ல வந்துவிட்டது.

மஞ்சள் பூசுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை, பிள்ளைகள் சந்தோசமாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதே வழியால் வேறு எண்ணங்களும் வீட்டுக்குள் வருகின்றன. யார் பெரிய ஆள், எது நல்ல குடும்பம், எந்த நிறம் அழகு, எந்தச் சனம் எப்படிப்பட்டது என்பவையெல்லாம் அப்படித்தான் வருகின்றன. ஊடகக் கல்வியில் இதற்கு நல்ல விளக்கங்கள் இருக்கின்றன. அவை எங்கள் ஊரில் ரீவி பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஜோர்ஜ் கேர்ப்னர் என்ற அறிஞரிடம் போகலாம். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1960களின் இறுதியில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். அதுவரை பெரும்பாலானோர் கேட்ட கேள்வி, ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சி பார்ப்பவரை என்ன செய்கிறது என்பது. கேர்ப்னர் கேள்வியையே மாற்றினார். ஒரு நிகழ்ச்சியை விடுவோம், எல்லா நிகழ்ச்சிகளிலும் பொதுவாகத் திரும்பத் திரும்ப வருவது என்ன, அதற்குள்ளேயே வருடக்கணக்காக வாழ்பவருக்கு உலகம் எப்படித் தெரியும் என்று கேட்டார்.

அவருடைய குழு செய்த வேலை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். வருடாவருடம் ஒரு வார மாலை நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, யார் வருகிறார், யார் அடிக்கிறார், யார் அடி வாங்குகிறார் என்று எண்ணினார்கள். அமெரிக்கத் திரையில் அந்தக் காலத்தில் பெண் ஒருவருக்கு ஆண்கள் மூவர் என்ற கணக்கில் இருந்தார்கள். முதியவர்கள் மிகக் குறைவு. வன்முறையோ உண்மை வாழ்வில் நடப்பதைவிடப் பல மடங்கு. அடுத்ததாக மக்களிடம் போய், ஒரு வாரத்தில் நீங்கள் ஏதாவது வன்முறையில் சிக்குவதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்றா, நூறில் ஒன்றா என்று கேட்டார்கள். ஒரு நாளில் நான்கு மணித்தியாலத்துக்கு மேல் பார்ப்பவர்கள், குறைவாகப் பார்ப்பவர்களைவிட, திரையில் உள்ள உலகத்துக்குக் கிட்டிய விடையைச் சொன்னார்கள். உலகம் பொல்லாதது, ஆட்களை நம்ப முடியாது என்ற எண்ணமும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது.

ஒரு நாள் அடித்துப் பெய்கிற மழை வயலின் மேலால் ஓடிப் போய்விடும். வாய்க்காலில் மாதக்கணக்காக வரும் இரணைமடுக் குளத்துத் தண்ணீர்தான் மண்ணுக்குள் ஊறும். தொலைக்காட்சியின் வேலை இரண்டாவது வகை. அதனால்தான் ‘நான் சும்மா பொழுதுபோக்குக்குப் பார்க்கிறேன், என்னை ஒன்றும் மாற்றாது’ என்று சொல்கிறவரிடமும் அது நடக்கிறது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. கேர்ப்னரின் முடிவுகளை 1980 அளவில் வேறு ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்தார்கள். பயந்த சுபாவம் உள்ளவர்கள்தானே வெளியே போகாமல் வீட்டில் இருந்து கூடுதலாக ரீவி பார்ப்பார்கள், எது காரணம் எது விளைவு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிற்காலத்தில் பல ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தபோது விளைவு இருக்கிறது, ஆனால் சிறியது என்று தெரிந்தது. சிறிய விளைவு கோடிக்கணக்கான வீடுகளில், தினமும், ஒரே திசையில் நடக்கும்போது என்னவாகும் என்பதுதான் எங்களுடைய கவலை.

வன்னிக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. இலங்கையில் 1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாஹினியும் தொடங்கிவிட்டன. தமிழ்நாட்டில் சன் ரீவி 1993 இல் வந்தது. ஆனால் போர்க்கால வன்னியில் மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் தடை. ஜெனரேற்றர் ஓட்டி, வாடகைக்கு எடுத்த ரீவியையும் டெக்கையும் முற்றத்தில் வைத்து, அயலெல்லாம் பாய் போட்டு இருந்து படம் பார்த்ததுதான் ஒரு தலைமுறைக்குத் தெரிந்த தொலைக்காட்சி. 2009க்குப் பிறகு, மீள்குடியேற்றத்தோடு மின்கம்பம் வந்தது. அதற்குப் பின்னாலேயே கூரை கூரையாக டிஷ் வந்தது. மற்ற ஊர்களுக்கு முப்பது வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது எங்களுக்குச் சில வருடங்களுக்குள் மொத்தமாக வந்து சேர்ந்தது.

அப்படித் தாமதமாக வந்த இன்னோர் இடத்தில் என்ன நடந்தது என்று பார்த்தவர் ஆன் பெக்கர் என்ற மருத்துவ மானிடவியலாளர். பீஜித் தீவில் நட்ரோகா என்ற பகுதிக்கு 1995 இல்தான் தொலைக்காட்சி போனது. அங்கே நல்ல சதைப்பிடிப்பான உடம்புதான் அழகு, ஆரோக்கியம், குடும்பத்தின் கவனிப்புக்கு அடையாளம். தொலைக்காட்சி வந்த கையோடும், பிறகு 1998 இலும் அவர் பாடசாலைப் பெண்பிள்ளைகளிடம் கேட்டார். மெலிவதற்காகச் சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பவர் முதல் முறை ஒருவரும் இல்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு நூற்றுக்குப் பதினொரு பேரளவில் அதைச் செய்தார்கள். இது சிறிய ஆய்வுதான், ஒரு தடவைக்கு அறுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளே இருந்தார்கள். என்றாலும் மூன்று வருடம் என்பதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

சரி, இனிப் பிரபலம் என்ற விசயத்துக்கு வருவோம்.

முன்பு ஒருவர் ஊரறிந்தவர் ஆவதற்கு ஒரு காரணம் இருந்தது. நன்றாகக் கூத்தாடினார், நாட்டு வைத்தியம் பார்த்தார், பள்ளிக்கூடம் கட்டக் காணி கொடுத்தார். தொலைக்காட்சி இதைத் தலைகீழாக்கியது. திரையில் இருப்பதே ஒருவரைப் பெரிய ஆள் ஆக்கிவிடுகிறது. ஒல்லாந்தில் 1999 இல் தொடங்கிய ‘பிக் பிரதர்’ என்ற நிகழ்ச்சி வடிவம் அதை முழுமையாக்கியது. ஒரு வீட்டுக்குள் ஆட்களை அடைத்து வைத்து அவர்கள் உண்பதையும் அழுவதையும் காட்டினால் போதும். தமிழில் அதுவே 2017 இல் பிக் பாஸ் ஆனது. 2019 இல் அதன் மூன்றாவது பருவத்தில் இலங்கையிலிருந்து லொஸ்லியாவும் தர்சனும் போனபோது, இங்கே அதைப் பற்றிக் கதைக்காத வீடு குறைவு.

முகம் கண்டிராத ஒருவரைப் பற்றி எங்கள் வீட்டுப் பிள்ளை போலக் கவலைப்படுவதற்கும் விளக்கம் உண்டு. டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956 இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். திரையில் இருப்பவர் எங்கள் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்கு வருகிறார். அவருடைய சிரிப்பும் கோபமும் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் நாங்கள் இருப்பது அவருக்குத் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் வளரும் இந்த உறவு பைத்தியக்காரத்தனம் கிடையாது. மனிதருக்கு இயல்பாக உள்ள பாசம் போகிற வழிகளில் இதுவும் ஒன்று. தனியே இருக்கும் முதியவர்களுக்கு மாலை ஏழு மணி நாடகத்தில் வரும் குடும்பம் உண்மையான துணையாக இருப்பதை வன்னியில் நிறைய வீடுகளில் காணலாம். பிள்ளைகள் கனடாவிலும் சுவிஸிலும் இருக்க, வீட்டில் குரல் கேட்கும் ஒரே இடம் அதுதான். அதை நான் ஒருபோதும் குறைவாகப் பேச மாட்டேன்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. ஜீ தமிழின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் போட்டியில் 2023 டிசம்பரில் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா முதலிடம் பெற்றபோது எல்லாருக்கும் பெருமை. அதே பருவத்தில் புசல்லாவையிலிருந்து அசானியும் பாடினார். அந்தப் பிள்ளைகளின் திறமை பற்றிக் கேள்வியே இல்லை. ஆனால் இப்படியான நிகழ்ச்சிகளுக்கு ஒரு அச்சு உண்டு. பாடகருக்குக் குரல் மட்டும் போதாது, ஒரு துயரக் கதையும் வேண்டும். மெல்லிய இசை, நடுவரின் கண்ணீர், அம்மாவின் முகத்துக்கு அண்மைக் காட்சி. இந்த அச்சுக்குள் எங்களைத் திரும்பத் திரும்ப ஊற்றினால், ஈழத்துப் பிள்ளை என்றாலே அழுதுகொண்டு வரும் பிள்ளை என்று பார்ப்பவர் மனத்தில் பதியும். எங்கள் பிள்ளைகளும் தங்கள் துயரத்துக்குத்தான் விலை இருக்கிறது என்று கற்றுக்கொள்வார்கள். இது எனக்குச் சகிக்க முடியாதது.

கலியாணம் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது.

நாள் நாடகம் ஒன்று வாரத்தில் ஐந்தாறு நாள் ஓடி, பல நூறு பாகம் போக வேண்டும். ஒற்றுமையாக வாழும் புருசன் பெண்சாதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. ஆகவே மாமியார் சதி, மறைந்திருக்கும் இரண்டாவது பெண், கடைசி நிமிடத்தில் நிற்கும் தாலிகட்டு எல்லாம் வருகின்றன. இவை தமிழ்க் குடும்பங்களைப் பற்றி யாரோ ஆராய்ந்து கண்ட உண்மைகள் இல்லை. விளம்பர இடைவேளைக்குப் பிறகும் நீங்கள் எழுந்து போகாமல் இருப்பதற்கான உற்பத்தித் தேவைகள். தாலி கழுத்தில் ஏறியதும் எந்தக் கொடுமைக்காரனும் தெய்வமாவதும் அப்படித்தான். அவள் விட்டுப் போய்விட்டால் கதை முடிந்துவிடும்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். இந்த நாடகங்களின் தலைவிதியைத் தீர்மானிக்கும் பார்வையாளர் கணக்கு இந்திய வீடுகளில்தான் எடுக்கப்படுகிறது. புதுக்குடியிருப்பில் எத்தனை வீட்டில் பார்த்தாலும் அது அந்தக் கணக்கில் ஏறாது. ஆகவே எங்களுக்காக யாரும் எழுதப் போவதில்லை. சீதனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் காணியும் வீடும் மகளின் பெயருக்கு எழுதும் வழக்கம், தேசவழமைச் சட்டம், முன்கூட்டியே நடக்கும் எழுத்து (கலியாணப் பதிவு), வெளிநாட்டு மாப்பிள்ளைக்காக வருடக்கணக்கில் விசாவுக்குக் காத்திருக்கும் பெட்டைகள் என்று எவ்வளவோ சிக்கல்கள் இருக்கின்றன. இவற்றில் ஒன்றாவது அந்த நாடகங்களில் வருவதில்லை.

வராமல் இருப்பதும் ஒரு செய்திதான். கேர்ப்னரும், அவருக்குப் பிறகு கேய் டக்மன் என்ற பெண் ஆய்வாளரும் இதை விளக்கினார்கள்: திரையில் ஒரு சாராரைக் காட்டாமலே விடுவது அவர்கள் முக்கியம் இல்லை என்று சொல்வதற்குச் சமம். வன்னியில் கணவனை இழந்து தனியே குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்கள் எத்தனை பேர். தோட்டம் செய்து, ஆடு வளர்த்து, மேசன் வேலைக்குக் கையாளாகப் போய்ப் பிள்ளைகளைக் கம்பஸ் வரைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். நாடகத்து விதவை மங்கலக் காரியத்தில் ஒதுங்கி நின்று கண்ணைத் துடைக்கிறவள். அதைத் தினமும் பார்க்கும் ஊர், பொன்னுருக்கலுக்கு இந்த அக்காவைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று தயங்குகிறது. அந்தத் தயக்கம் தொலைக்காட்சிக்கு முன்னரே எங்களிடம் இருந்தது, உண்மை. ஆனால் அது சாகிற நேரத்தில் தண்ணீர் ஊற்றுவது யார்?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமாரை நினைத்துப் பாருங்கள். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20 அன்று உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பொட்டு வைப்பதா, தாலியைக் கழற்றுவதா, மறுமணம் என்று யாராவது பேச்செடுத்தால் என்ன சொல்வது என்று வருடக்கணக்காக நெஞ்சுக்குள் வைத்திருக்கும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். நாடகத்துக்குத் தெரிந்த கலியாணத்தில் சுமங்கலி, விதவை என்று இரண்டு பெட்டிகளே உண்டு. இவர்களுக்கு அதில் இடமே இல்லை.

தொலைக்காட்சி எப்போதும் கெடுதல்தான் செய்யும் என்று நினைத்துவிடவும் வேண்டாம். ரொபர்ட் ஜென்சன், எமிலி ஒஸ்டர் என்ற பொருளியலாளர்கள் தமிழ்நாடு உட்பட இந்தியாவின் சில மாநிலங்களில் கேபிள் புதிதாக வந்த கிராமங்களை ஆராய்ந்து 2009 இல் எழுதினார்கள். கேபிள் வந்த பிறகு, மனைவியை அடிப்பது சரி என்று சொல்பவர் குறைந்தனர். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற விருப்பமும் குறைந்தது. பிரேசிலில் நாடகங்கள் சிறிய குடும்பங்களையே காட்டிவந்ததால், அந்த ஒளிபரப்பு எட்டிய இடங்களில் பெண்கள் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததாக இன்னோர் ஆய்வு. கிராமத்துக்கு வெளியே வேறு மாதிரியும் வாழ்கிறார்கள் என்று காண்பதே ஒரு கதவைத் திறக்கிறது. ஆக, எது வழமை என்று காட்டுகிறோமோ அந்தப் பக்கம் சனம் நகர்கிறது.

பிரபலமும் கலியாணமும் இனமும் ஒரே நிகழ்ச்சியில் கூடினால் எப்படியிருக்கும் என்பதற்கு அமெரிக்காவில் 2002 இல் தொடங்கிய ‘த பச்சிலர்’ நல்ல உதாரணம். ஒரு ஆண், இருபத்தைந்து பெண்கள், கடைசியில் ஒருத்திக்கு மோதிரம். தமிழில் 2018 இல் நடிகர் ஆர்யாவை வைத்துப் பதினாறு பெண்களோடு இதே பாணியில் ஒரு நிகழ்ச்சி வந்தது. முடிவில் அவர் யாரையும் தெரிவு செய்யவில்லை. அமெரிக்க நிகழ்ச்சியில் பல வருடங்களாகத் தலைமை இடம் வெள்ளையருக்கே போனது. 2012 இல் கறுப்பின ஆண்கள் இருவர் வழக்குப் போட்டார்கள். யாரை நடிக்க வைப்பது என்பது தயாரிப்பாளரின் பேச்சுச் சுதந்திரம் என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஒரு பெண் ஆண்களில் ஒருவரைத் தெரிவு செய்யும் அதன் சகோதர நிகழ்ச்சியில் 2017 இல் ஒரு கறுப்பினப் பெண்ணும், மூல நிகழ்ச்சியில் 2021 இல்தான் ஒரு கறுப்பின ஆணும் நடுவில் நின்றார்கள். யார் காதலிக்கப்படத் தக்கவர் என்று நாட்டுக்குச் சொல்லும் நிகழ்ச்சியில் ஒரு நிறத்தவர் இத்தனை காலம் ஓரத்திலேயே நின்றால், பார்க்கும் பிள்ளைகள் எதைக் கற்றிருப்பார்கள்?

ஒரு சனத்தைப் பற்றி நேரில் அறியாமலே தலைக்குள் வைத்திருக்கும் ஆயத்தப் படத்தைத்தான் வார்ப்புரு என்கிறோம். வோல்டர் லிப்மன் என்ற பத்திரிகையாளர் 1922 இல் இதைப் பற்றி முதலில் விரிவாக எழுதினார். மனிதருக்கு எல்லாவற்றையும் நேரில் பார்க்க நேரமில்லை, ஆகவே படத்தை வைத்து ஓட்டுகிறோம் என்றார். நல்ல படம் காட்டினாலும் சிக்கல் வரலாம். 1984 முதல் 1992 வரை ஓடிய ‘த கொஸ்பி ஷோ’ வசதியான ஒரு கறுப்பினக் குடும்பத்தை அன்போடு காட்டியது. வைத்தியர் அப்பா, சட்டத்தரணி அம்மா. பார்த்தவர்களிடம் ஜாலி, லூயிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பேசியபோது, வெள்ளையர் பலர் ‘பார்த்தீர்களா, முயன்றால் யாரும் முன்னேறலாம், இனப்பாகுபாடு முடிந்துவிட்டது’ என்ற முடிவுக்கு வந்திருந்தது தெரிந்தது.

எங்கள் பக்கம் பார்ப்போம். தெற்கில் ஒரு சிங்கள இளைஞர் வன்னியைப் பற்றி அறிந்ததெல்லாம் போர்ச் செய்திகளில் கண்டது. வன்னியில் ஒரு தமிழ் இளைஞர் சிங்களவரைப் பற்றி அறிந்ததில் பெரும்பகுதி சீருடை. இருவருக்கும் நடுவே ஒருவரை ஒருவர் சாதாரண மனிதராகக் காட்டும் நாடகங்கள் மிகக் குறைவு. சிங்கள நகைச்சுவையில் தமிழ்ப் பாத்திரம் வந்தால் கொச்சைச் சிங்களம் பேசிச் சிரிக்க வைக்கத்தான் பெரும்பாலும் வருவார். இந்தியாவில் 2021 இல் ‘த பேமிலி மேன்’ இணையத் தொடரின் இரண்டாம் பருவம் ஈழத்துப் பெண் போராளி ஒருவரைக் கொலைகாரியாகக் காட்டியபோது, நடிகைக்குக் கருமை பூசியதும் சேர்ந்து பெரும் எதிர்ப்பு வந்தது. தமிழ்நாட்டு அரசு அதைத் தடை செய்யக் கேட்டது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஊரில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு முன்னாள் போராளி அக்காவைப் பார்க்கிறவர் அவரைக் காண்பாரா, திரையில் கண்டவளைக் காண்பாரா?

எங்களுக்குள்ளும் பாருங்கள். 1958க்கும் 1977க்கும் பின்னர் வன்முறைக்குத் தப்பி வந்த மலையக மக்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்களை இன்னும் ஒரு மாதிரிக் கதைக்கும் நாக்கு எங்களில் பலருக்கு இருக்கிறது. நாடகத்து வேலைக்காரர் பேசும் தமிழும் நிறமும் எப்படிக் காட்டப்படுகின்றன என்று கவனித்தால் அந்த நாக்குக்குத் தீனி எங்கிருந்து கிடைக்கிறது என்று விளங்கும். நிறமும் அப்படியே. முகப் பூச்சுக் கிறீம் ஒன்று 2020 இல் பெயரிலிருந்து வெண்மையை எடுத்தது. விளம்பரத்தில் வேலை கிடைக்கும் பெட்டையின் நிறம் மட்டும் பெரிதாக மாறவில்லை. வெயிலில் நெல் வெட்டும் ஊரில் இது சின்ன விசயம் இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் நாங்கள் வெறும் களிமண்ணும் இல்லை. ஜமேக்காவில் பிறந்து பிரித்தானியாவில் வாழ்ந்த ஸ்டுவர்ட் ஹோல் 1973 இல் இதை விளக்கினார். அனுப்புகிறவர் ஒரு கருத்தை வைத்து அனுப்புகிறார். பெறுகிறவர் அதை அப்படியே ஏற்கலாம், பாதியை ஏற்றுப் பாதியைத் தள்ளலாம், முழுவதையும் எதிர்த்து வாசிக்கலாம். நாடகத்தைப் பார்த்துக்கொண்டே ‘இவளுக்கென்ன விசரே, அவனை விட்டுட்டு வாறதுதானே’ என்று திட்டும் அம்மம்மா இரண்டாவது வகை. பக்கத்தில் இருக்கும் பேத்திக்கு அந்த ஒரு வசனம் நாடகத்தைவிடப் பெரிய பாடம். ஆகவே பிள்ளைகளுக்கு ரீவியை நிற்பாட்டுவதைவிட, கூட இருந்து பார்த்துக் கதைப்பது கூடுதல் பலன் தரும்.

க.பொ.த. சாதாரண தரம் படிக்கும் பிள்ளைகள் கேர்ப்னரின் வேலையை வீட்டிலேயே செய்யலாம். ஒரு கொப்பி எடுங்கள். ஒரு வாரம், வீட்டில் எப்படியும் ஓடுகிற நாடகத்துக்கு முன்னால் இருங்கள். சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர், கறுத்த நிறத்தவருக்கு என்ன பாத்திரம், கணவன் இல்லாத பெண் சிரித்த காட்சி எத்தனை, எங்கள் பேச்சில் யாராவது பேசினார்களா, பேசினால் எதற்காகப் பேசினார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். பிறகு உங்கள் ஒழுங்கையில் உள்ள இருபது வீடுகளை எடுத்து அதே கேள்விகளுக்கு விடை எழுதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நேரம் இருந்தால் அடுத்த வாரம் விளம்பரங்களுக்கும் இதையே செய்து பாருங்கள். அவை குறுகியவை, எண்ணுவது இன்னும் சுலபம்.